வீட்டுக்குப் போனவர்கள்

'இந்தப் பெண்ணை நேற்றும் லாரி இடித்ததே' என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது.

திரையில் இருந்த நோயாளியின் சார்ட்டை மேலிருந்து மறுபடி படித்தாள். பெயர் வேறு, ஊர் வேறு, ஆஸ்பத்திரி வேறு. மற்றபடி எல்லாம் அதேதான். வயதான பெண். நாற்கரச் சாலையின் இடது ஓரமாக, தலையில் சுமையோடு, காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். பின்னாலிருந்து ஆளில்லா லாரி. வலது இடுப்பெலும்பு முறிவு, வலது முழங்கை முறிவு, நெற்றியில் கிழிசல். கடைசி வரியும் அதேதான்: 'உறவினர் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்லப்பட்டார்.' அதற்குப் பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் வந்ததாகத் தகவல் இல்லை.

போன வாரமும் இவள் வந்தாள். அதற்கு முந்தைய வாரமும் வந்தாள். ஒரே கிழவியை யாரோ ஊர் ஊராகக் கூட்டிப் போய்த் திரும்பத் திரும்ப லாரி முன்னால் நிறுத்துவது போல இருந்தது. ஜெசிந்தா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த சார்ட்டைத் திறந்தால் அதிலும் அவளே இருந்தாள்.

விபத்து என்றால் நமக்கு ரத்தம், அலறல், சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கும் கூட்டம். ஜெசிந்தாவைப் போன்ற மெடிக்கல் கோடருக்கு அது ஏழெழுத்துக் குறியீடு. அடிபட்டவர் நடந்து போனவரா, சைக்கிளில் போனவரா, கார் பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போனவரா, மோதியது எது, உடைந்தது எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. கடைசி எழுத்துதான் விசேஷம். முதல் சிகிச்சை என்றால் ஏ. அதன் பிறகு காட்ட வந்தால் டி. காயம் ஆறியும் நொண்டல், வலி, மறதி என்று ஏதாவது மிச்சமிருந்தால் எஸ். ஒரு மனிதன் படும் பாடு முழுவதையும் இந்த மூன்று எழுத்துக்குள் அடக்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

முன்பெல்லாம் திருச்சி கோடர்கள் அமெரிக்காக்காரனின் காயங்களுக்குத்தான் குறியீடு போட்டார்கள். ஆளில்லா லாரிகள் நம் ஊர் நாற்கரச் சாலைகளில் ஓட ஆரம்பித்ததும் இங்கேயும் சட்டம் வந்தது. சாலையில் யாருக்கு அடிபட்டாலும், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், அந்தச் சார்ட் ஒரு கோடர் கையைத் தாண்டியாக வேண்டும். அவள் போடும் குறியீடு சென்னையில் உள்ள ஒரு மையத்துக்குப் போகும். அங்கிருந்து லாரிகளின் மூளைக்குப் போகும். லாரி எப்படி அதைப் பயன்படுத்துகிறது என்று கோடர்கள் யாரும் கேட்டதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பொதுவாக இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதில்லை.

ஜெசிந்தா கேட்டாள். டீம் லீடர் கோதண்டராமனிடம் போய், "சார், ஒரே பேஷன்ட் திரும்பத் திரும்ப வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"டூப்ளிகேட்டா? தூக்கிடும்மா."

"டூப்ளிகேட் இல்ல சார். ஆள் வேற. ஆனா அதே ஆள்."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "லீவு போட்டு எத்தனை நாளாச்சு? குடும்பத்தோட எங்கயாவது போயிட்டு வாயேன்."

"இவங்க யாருக்குமே டி இல்ல சார். எஸ்ஸும் இல்ல. இடுப்பு உடைஞ்ச கிழவி ஒரு தடவைகூடத் திரும்பிக் காட்ட வரலைன்னா என்ன அர்த்தம்?"

"சார்ட்ல இல்லாததை நாம ஊகிக்கக் கூடாது. முதல் நாள் ட்ரெயினிங்ல நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மையத்துக்கு ஒரு கேள்வி எழுதிப்போட அனுமதித்தார்.

இரண்டு நாள் கழித்து மையத்திலிருந்து நிகிலேஷ் என்ற பொறியாளன் கூப்பிட்டான். சின்ன வயசுக் குரல், நல்ல மரியாதை. எந்தக் கோடரும் இதுவரை தங்களிடம் எதுவும் கேட்டதில்லை என்று சந்தோஷப்பட்டான்.

"பிரேக் பிடிச்சும் நிக்க முடியாத நேரம் ஒண்ணு வரும் மேடம். இந்தப் பக்கம் திரும்பினா ஒரு கார், அந்தப் பக்கம் திரும்பினா நடந்து போற ஒருத்தர். எதையாவது இடிச்சே ஆகணும். சேதம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் லாரி திரும்பும்."

"சேதம் குறைவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போடற கோடுதான் மேடம். நிறைய டி வந்தா பெரிய காயம். எஸ் வந்தா ஆயுசுக்கும் காயம். இறப்புப் பதிவானா அதுதான் உச்சம். ஏ மட்டும் வந்து நின்னுட்டா குணம்."

"குணம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லணும்னு இல்ல மேடம். திரும்ப வரலையே."

காரில் போகிறவர்களின் சார்ட்டுகள் அவள் கண்முன் வந்தன. கழுத்து சுளுக்கியவனுக்குப் பட்டை, பிசியோதெரபி, தூக்கம் வரவில்லை என்று மனநல ஆலோசனை. இன்ஷூரன்ஸ் இருப்பதால் ஒன்றுவிடாமல் எல்லாம் பதிவாகும், டி டியாக நீளும். லாரியின் கணக்கில் அவன் கழுத்துக்கு இருக்கும் கனம் இந்தக் கிழவியின் உயிருக்கு இல்லை.

"சார், உங்களுக்கு எந்த ஊர்?"

"சென்னைதான் மேடம். ஏன்?"

"எங்க பக்கத்துல எலும்பு உடைஞ்சா ஆஸ்பத்திரியில வெச்சிருக்க மாட்டாங்க. ரத்தம் நின்னதும் நெடுங்கரை வைத்தியர்கிட்டத் தூக்கிட்டுப் போய் நாட்டுக் கட்டு போட்டுருவாங்க. பிழைக்காதுன்னு தெரிஞ்சா இன்னும் சீக்கிரமா தூக்கிட்டுப் போவாங்க. ஆக்சிடென்ட் கேஸ், ஆஸ்பத்திரியில உயிர் போனா போஸ்ட்மார்ட்டம். அறுத்துருவாங்க. அதனால மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு வந்துருவாங்க. அப்புறம் புதைச்சுருவாங்க. உங்களுக்கு அவங்க குணமானவங்க."

"இது எதுவுமே எங்ககிட்ட இல்லையே மேடம்."

"இப்ப சொல்றேனே. மாத்துங்க."

"நீங்க சொல்றதை வெச்சு மாத்த முடியாது. சார்ட்ல இல்லாததை நீங்க கோடு பண்ணுவீங்களா?"

அவனே பேசினான். கெட்டவன் இல்லை. "லாரிக்கு ஆளைத் தெரியாது மேடம், உருவம்தான் தெரியும். வயசான பெண், தலையில சுமை, வெறுங்கால், நடை வேகம். அது ஒரு வகை. அந்த வகையில கடைசி வரைக்கும் பதிவான கேஸ் ஒண்ணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணு முழுசா வந்தாக்கூடப் போதும். மத்ததெல்லாம் பாதியிலேயே நிக்கறதால அந்த ஒண்ணுக்கு அவ்வளவு எடை கிடைக்கும். உயிரோட இருக்கறவங்க யாரையாவது திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா செங்கரட்டுக்குப் போனாள். மணப்பாறை தாண்டி, நாற்கரச் சாலையை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். அவளுடைய அம்மா சவேரியம்மா அங்கேதான் மகன் அமலதாஸோடு இருந்தாள். தோட்டத்துக் கீரையையும் முருங்கைக்காயையும் கூடையில் கட்டி, தலையில் வைத்து, நாற்கரச் சாலையோரமாகவே நடந்து போய்ச் சந்தையில் விற்றுவிட்டு வருவாள். அந்தக் கிழவியின் சார்ட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்கு யார் முகம் வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, கொஞ்ச நாளைக்கு அந்த ரோட்டுல நடக்காத."

"ரோட்டுல நடக்காம ஆகாசத்துலயா நடப்பாங்க?" என்றாள் சவேரியம்மா. "ரோடு போடறதுக்கு முன்னாடியே நான் நடந்த தடம்டி அது. அவன்தான் என் தடத்துல வந்து ரோட்டைப் போட்டான்."

"லாரி உன்னைப் பாத்துத் திரும்புதும்மா."

"இந்த வயசுல என்னைத் திரும்பிப் பாக்குதா? பரவால்லையே!" என்று அவள் சிரிக்க, பக்கத்து வீட்டு மரியபுஷ்பமும் சேர்ந்து சிரித்தாள்.

மரியபுஷ்பத்தின் நாத்தனாரைத்தான் இரண்டு மாதத்துக்கு முன் லாரி இடித்திருந்தது. ஜெசிந்தா அவளைப் பற்றிக் கேட்டாள்.

"கட்டு போட்டுக் கொண்டாந்தோம். அந்த வாரமே போயிட்டா. ஆனா வீட்டுக்கு வரும்போது மூச்சு இருந்துச்சுடி, அது போதும். முழு உடம்பா மண்ணுக்குக் குடுத்தோம்" என்றாள் மரியபுஷ்பம். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தாவுக்கு நினைவிருந்தது. அவளே குறியீடு போட்ட சார்ட்தான். சென்னையில் அந்தப் பெண் குணமாகி, தலையில் சுமையோடு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

லாரி இடித்து உயிரோடு இருந்தவர்களையும் போய்ப் பார்த்தாள். ஒருத்திக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. இன்னொருத்தி கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க, வண்டி நான் பிடிக்கிறேன், டாக்டர் பார்த்து எழுதினால் போதும் என்று கெஞ்சினாள். யாரும் அசையவில்லை. திரும்பப் போனால் கட்டைப் பிரித்துக் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். கட்டு போட்ட வைத்தியரை அவமானப்படுத்துவதாகும் என்று கூச்சம். கிளம்பும்போது அமலதாஸ் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான்.

"நான் பாத்துக்கறேன் ஜெசி. அம்மாவை ரோட்டுக்கு விடல" என்றான்.

சவேரியம்மாவை யார் பிடித்து நிறுத்த முடியும்? அவன் வயலுக்குப் போன ஒரு காலையில் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சந்தை நாளாம். சாலையின் நடுவிலிருந்த இடைவெளியில் ஒரு கார் குறுக்கே வந்தது. பின்னால் வந்த ஆளில்லா லாரி பிரேக் பிடித்தது, தூரம் போதவில்லை, இடது பக்கம் திரும்பியது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். வலது இடுப்பு, வலது முழங்கை, நெற்றி. பல மாதங்களாகப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடமான உடம்பு அது. பெற்ற தாயைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் குறியீடுதான் வந்தது. அதற்காக அவள் தன்னை வெறுத்தாள்.

அட்மிஷன் படிவத்தில் பொறுப்பாளர் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். டாக்டர் ஹசீனா ஒளிக்காமல் பேசினார்.

"உள்ள நிறைய ரத்தம் கசிஞ்சிருக்கு. நுரையீரலும் பாதிச்சிருக்கு. வயசு வேற. வலி தெரியாம பாத்துக்கலாம். ஆனா நம்பிக்கை கொடுக்க மாட்டேன். சில நாள்தான்."

"வீட்டுக்குக் கொண்டு போனா?" என்றான் அமலதாஸ்.

"இன்னும் சீக்கிரம். ஆனா அது உங்க முடிவு. கையெழுத்துப் போட்டது இவங்க, இவங்கதான் எழுதித் தரணும்."

சவேரியம்மாவுக்கு நினைவு இருந்தது. இரண்டு பிள்ளைகளையும் கண்ணால் கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "வீட்டுக்குக் கொண்டு போங்கப்பா. இங்க வேணாம். என்னை அறுக்க விடாதீங்க."

"போலாம்மா. இப்பவே போலாம்" என்றான் அமலதாஸ். வெளியே வந்து ஊருக்குப் போன் செய்து வேன் வரச் சொன்னான். ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வேன் வருது. நீ போய் எழுதிக் குடு" என்றான்.

"நான் எழுதிக் குடுக்கலண்ணே."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். லாரி, குறியீடு, ஏ, டி, எஸ் எல்லாவற்றையும், தனக்கு நிகிலேஷ் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள். வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவன் கத்தினான்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? கிடக்கறது அம்மாடி!"

"தெரியும்ணே."

"வாயைத் திறந்து கேக்குறாங்க. காதுல விழல உனக்கு?"

"விழுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அம்மா குணமாயிட்டான்னு அது எழுதிக்கும். இந்த மாதிரி அடியை இன்னும் லேசா நெனச்சுக்கும். அடுத்த தடவையும் அந்தப் பக்கமே திரும்பும்."

"அடுத்த தடவை இடிக்க அம்மா இருக்க மாட்டாங்க!"

"மரியபுஷ்பம் சின்னம்மா இருப்பாங்க. சந்தைக்குப் போற எல்லாரும் இருப்பாங்க."

"அவங்களுக்காக நம்ம அம்மாவை அறுக்கணுமா?"

ஜெசிந்தா பதில் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவாள், உடைந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவன் அந்த வராந்தாவிலேயே அவள் காலில் விழுந்தான். மூத்தவன், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவன். அப்போதும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் வந்து, மத்தியானம் வரை காத்திருந்து, காலியாகத் திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு சவேரியம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"வண்டி வந்துருச்சா?"

"வந்துட்டே இருக்கும்மா."

மயக்கத்திலிருந்து விழிக்கும்போதெல்லாம் கேட்டாள். விழிக்கும்போதெல்லாம் ஜெசிந்தா அதையே சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து அம்மாவிடம் சொன்ன பொய்களையெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சில நாள்களில் சொன்னதற்கு ஈடாகாது. ஒருமுறை அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்து, "அமலு எங்க? அவன்னா கூட்டிட்டுப் போயிருவான்" என்றாள். ஜெசிந்தா அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் காரணத்தைச் சொல்லலாமா என்று பலமுறை வாயெடுத்தாள். உன் சாவு உபயோகப்படும் என்று எந்த மகள் எந்தத் தாயிடம் சொல்வாள்?

டாக்டர் வந்து பார்த்தார், எழுதினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எழுதினார்கள். மூச்சுத் திணறியது, குழாய் வைத்தார்கள், எழுதினார்கள். சொந்தக்காரர்களின் சார்ட்டைக் கோடர் தொடக் கூடாது என்பது விதி. கோதண்டராமன் போன் செய்தார்.

"அம்மாவோடதை நானே போடறேன்மா. யாருக்கும் குடுக்கல" என்றார். "ஒண்ணையும் விடமாட்டேன். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். லீவு போடச் சொன்ன அதே மனுஷன்தான். ஜெசிந்தா அதற்குத்தான் முதல்முறையாக அழுதாள்.

சவேரியம்மா ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். கடைசியாக ஏதும் கேட்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து தையல் போட்ட உடம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். செங்கரட்டில் குளிப்பாட்ட வந்த பெண்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்கள். துணியோடு சேர்த்தே தண்ணீர் ஊற்றினார்கள். மரியபுஷ்பம் மட்டும் ஜெசிந்தாவைப் பார்த்து, "ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்றாள். கல்லறையில் மண் போட வந்தவளை அமலதாஸ் தடுக்கவில்லை. அவள் நின்ற பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை விட்டான்.

ஒரு மாதம் கழித்து நிகிலேஷ் கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

"மேடம், நாம பேசின மாதிரியே ஒரு கேஸ் வந்திருச்சு! முழுசா, கடைசி வரைக்கும். அந்த வகையோட சேத எண் எங்கயோ ஏறிருச்சு. ரொம்ப அருமையான பதிவு மேடம், அவ்வளவு விவரமா..."

"அது எங்கம்மா சார்."

நிகிலேஷ் ஏதோ சொல்ல முயன்றான். மன்னிப்பு மாதிரி இருந்தது. பிறகு, "மேடம், இன்னொண்ணும் சொல்லணும், இந்த எண் ஏறினா இன்னொரு வகை..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லாமல் அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கிழவி வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். வெறுங்காலோடும் சுமையோடும் திரையில் நடந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண் இப்போது எந்தச் சார்ட்டிலும் இல்லை. சந்தோஷம் வரும் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள், வரவில்லை. ஒவ்வொரு சார்ட்டையும் திறக்கும்போது, இதிலாவது அம்மா இருப்பாளோ என்று அவளை அறியாமல் தேடினாள். ஆபீஸ் காரிடாரில், லிஃப்டில், வீட்டுச் சமையலறையில், வண்டி வந்துருச்சா என்ற காற்றுக்குரல் கேட்டது. பதிலும் அவள் வாயிலிருந்தே வந்தது. மகள் பார்த்துவிட்டு, "யார்கிட்டம்மா பேசற?" என்று கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. நாற்கரச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, எதிரே மரியபுஷ்பம் தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆளில்லா லாரி. அதற்கு முன்னால் ஒரு மாடு திடீரென்று சாலையில் இறங்கியது. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

டயர் தேயும் நாற்றம் வந்தது. கண்ணைத் திறந்தால் லாரி வலது பக்கமாகத் திரும்பி, நடுத்திட்டில் ஏறி, செடிகளை நசுக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. மரியபுஷ்பம் கடந்து போகும் வரை அது அப்படியே நின்றது. அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது.

"எழவெடுத்த லாரி" என்று திட்டிவிட்டு மரியபுஷ்பம் ஜெசிந்தாவிடம் வந்தாள். கோபம் தணிந்திருந்தது, அல்லது மறந்துவிட்டாள். "உங்கம்மா போனதுலேருந்து இதுங்க எங்களைக் கண்டா ஒதுங்கிப் போவுதுடி. சவேரியம்மாதான் காவலுக்கு நிக்கிறான்னு பேசிக்கிறாங்க. நீ வா, வந்து ஒரு வாய் தண்ணி குடி."

ஜெசிந்தா தண்ணீர் குடிக்கப் போகவில்லை. சாலையோரத்திலேயே உட்கார்ந்து, மனசு விட்டு அழுதாள். அம்மா இறந்த நாளன்று வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. பலித்துவிட்டது என்ற ஆறுதலும், அந்த ஆறுதல் வந்ததே என்ற அருவருப்பும் சேர்ந்து வந்தன.

கல்லறைத் தோட்டத்தில் அமலதாஸ் அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். அவள் மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் நிமிராமலே வேலையைச் செய்தான். ஒரு பக்கம் முழுவதும் அடித்து முடித்த பிறகு, கல்லறையிடம் பேசுவது போலப் பேசினான்.

"பொம்பளைங்களுக்கு ஒதுங்குது."

"ஆமாண்ணே. பாத்தேன்."

"இப்ப ஆம்பளைங்களாப் பாத்து வருது."

நிகிலேஷ் சொல்ல வந்து அவள் கேட்காமல் விட்டது இதைத்தான். எந்தப் பக்கமாவது லாரி திரும்பித்தான் ஆக வேண்டும்; அம்மாவுக்குக் கனம் ஏறினால் பக்கத்தில் யாரோ லேசாகிறார்கள்.

"போன மாசம் சேவியர் மாமா. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மம்பட்டியோட போயிட்டிருந்தாரு. அதுக்கு முன்னாடி ஆட்டுக்காரன் பெஞ்சமின்."

"எங்க இருக்காங்க?"

"சேவியர் மாமாவை நெடுங்கரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பெஞ்சமினை வீட்டுல வெச்சுப் பாத்தாங்க. பொதைச்சாச்சு." அவன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தான். அவன் தலையிலும் துண்டு கட்டியிருந்தது. வயலுக்குப் போகும் வழியும் அந்தச் சாலைதான், அவனுக்கு வேறு வழி கிடையாது.

"நான் சென்னைக்குப் பேசறேண்ணே. நேர்ல போறேன்."

"போ. நீ பேசுனா கேப்பாங்களா?"

என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் அவளே சொல்லித் தெரியும். அந்த வகையில் முழுசாக ஒன்றுகூடப் பதிவாகவில்லையே மேடம் என்பார்கள்.

அமலதாஸ் எழுந்து நின்றான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அம்மா இறந்த பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஜெசி, எனக்கு அடிபட்டா ஆஸ்பத்திரியில நீதான் கையெழுத்துப் போட்டுச் சேக்கணும். வீட்டுக்குக் கொண்டு போன்னு நான் கெஞ்சுவேன். உன்னை அசிங்கமாத் திட்டுவேன். நீ கேக்காத."